பதினொரு படியும் ஒரு சிவப்பு ஸ்விட்சும்

திங்கட்கிழமை, பிற்பகல்

என் மனைவியின் ஒரே தம்பியும், எங்கள் வாசலில் லிஃப்ட் ஏறி இறங்கக் காரணமானவனும், தொலைபேசியில் நான் வாயைத் திறந்த உடனே "லைன் சரியில்லை அத்தான்" என்று வைத்துவிடுகிறவனுமாகிய அன்பு மைத்துனனுக்கு,

அத்தான் எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் அக்கா, லிஃப்ட் மூவரும் சௌக்கியம். அங்கே நீ, உன் மனைவி, பிள்ளைகள், உன் முதுகுவலி எல்லோரும் எப்படி? (முதுகுவலி மட்டும் நாளுக்கு நாள் மெலிந்து நலிந்து போக வாழ்த்துகிறேன்.) கடிதத்துக்கு லைன் கோளாறு கிடையாது என்பதால் தைரியமாக எழுதுகிறேன்.

முதலில் நல்ல செய்தி. இன்று காலை ஒன்பது பத்துக்கு உன் அக்கா வேலைக்குப் போய்விட்டாள். விபத்து நடந்து இரண்டு வருடம் கழித்து, அதே அச்சகம், அதே பிழைதிருத்தும் மேசை. நாற்காலியை மட்டும் வீட்டிலிருந்தே கொண்டுபோகிறாள். அச்சகத்து வண்டி வாசலில் வந்து நின்றது, சக்கர நாற்காலியோடு லிஃப்டில் ஏறினாள், பொத்தானை அழுத்தினாள், பதினொரு படி உயரத்தையும் அலுங்காமல் குலுங்காமல் இறங்கினாள், திரும்பிக்கூடப் பார்க்காமல் போனாள். கைதட்ட வேண்டும் போல் இருந்தது, ஆனால் வாசலில் தட்டுவதற்கு என்னைத் தவிர ஆள் இல்லை. இப்போது சொல், இது யார் பராமரித்த லிஃப்ட்? போன மாதம் ஒரு செய்தி அனுப்பியிருந்தாயே, "அத்தான், கம்பெனியோட வருஷப் பராமரிப்பு ஒப்பந்தம் போட்டீங்களா இல்லையா" என்று, பின்னால் மூன்று கேள்விக்குறிகளோடு? ஒரு கேள்விக்கு ஒரு கேள்விக்குறி போதும் என்று உன் அக்காவே சொல்வாள். ஒப்பந்தம் போடவில்லை, போடப்போவதும் இல்லை. காரணத்தை வரிசையாகச் சொல்கிறேன், பொறுமையாகப் படி.

நான் யார்? முப்பத்தோரு வருடம் பஸ் டெப்போவில் டைம் கீப்பர். என் அறை ஜன்னலைத் திறந்தால் எதிரே மெக்கானிக் ஷெட். முப்பத்தோரு வருடம் அந்த ஜன்னல் வழியாக எஞ்சின்களைப் பிரிப்பதையும் பூட்டுவதையும் பார்த்திருக்கிறேன். தொட்டதில்லைதான். ஆனால் தொட்டவர்கள் அவரவர் வண்டியைத்தான் பார்த்தார்கள், நான் எல்லா வண்டியையும் பார்த்தேன். அப்பேர்ப்பட்டவன் வீட்டு வாசலில், இடுப்பளவு தடுப்பும் கீழே ஒரு கதவும் மேலே ஒரு கதவும் உள்ள ஒரு சின்ன மேடை ஏறி இறங்குவதற்கு வெளியாள் வந்து பராமரிப்பதா? கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிற கதையாக அல்லவா இருக்கிறது! எனவே லிஃப்ட் வந்த அன்றே ஒரு நீள நோட்டு வாங்கி, தேதி, நேரம், ஏற்றம், இறக்கம், குறிப்பு என்று கோடு போட்டுப் பதிவேடு ஆரம்பித்துவிட்டேன். இதுவரை இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம் ஆகியிருக்கிறது. குறிப்பு என்ற கட்டத்தில்தான் இடம் போதவில்லை.

நீ சிரிக்கலாம். ஆனால் இந்த லிஃப்ட் எனக்கு எவ்வளவு முக்கியம் என்று உனக்குத் தெரியாது, ஏனென்றால் அந்த நாளில் நீ இங்கே இல்லை. லிஃப்ட் வருவதற்கு முன்னால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமென்றால் நாலு பேர் வந்து உன் அக்காவை நாற்காலியோடு தூக்கி இறக்குவார்கள். கடைசித் தடவை தூக்கியவர்களில் ஒருவர் தோளுக்கும் காதுக்கும் நடுவே தொலைபேசியை இடுக்கிக்கொண்டு யாரிடமோ பேசிக்கொண்டே வந்தார். இன்னொருவர் சோபாவைத் திருப்புகிற மாதிரி "லெஃப்ட்ல திருப்பு, லெஃப்ட்ல திருப்பு" என்றார். அவள் செருப்பு ஒன்று நழுவி ஐந்தாம் படியில் விழுந்தது. யாரும் கவனிக்கவில்லை. நான்கூடக் கவனிக்கவில்லை. ஆஸ்பத்திரி முழுவதும் ஒற்றைச் செருப்போடு இருந்துவிட்டு வீட்டுக்கு வந்ததும் சொன்னாள், "இனிமே யாரும் என்னைத் தூக்கக் கூடாது. இறங்க முடிஞ்சா இறங்குவேன், இல்லைன்னா வீட்லயே இருப்பேன்." உன் அக்கா ஒன்று சொன்னால் சொன்னதுதான் என்று உனக்கும் தெரியும். அன்றிலிருந்து லிஃப்ட் வரும்வரை நான்கு மாதம் வாசல் தாண்டவில்லை. ஆகவே இந்த லிஃப்ட் ஒரு நாள் நின்றால் அவள் உலகமே மூன்று அறை, ஒரு சமையலறை என்று ஆகிவிடும். அதனால்தான் பராமரிப்பை ஊரானிடம் விடாமல் நானே எடுத்துக்கொண்டேன்.

ஆரம்பத்தில் சில சில்லறைச் சம்பவங்கள் நடந்தன, மறைக்கவில்லை. முதல் வாரம் லிஃப்டைத் துடைத்துப் பளபளவென்று ஆக்கினேன், துடைத்து முடித்ததும் லிஃப்ட் நகர மறுத்தது. கம்பெனிக்குப் போன் போட்டோம், ஒரு பெண் மெக்கானிக் பெரிய பையோடு வந்தாள். மேடையில் ஒரு சிவப்புப் பொத்தான் இருக்கிறது, ஆபத்துக்கு அழுத்தினால் எல்லாம் நின்றுவிடும், திருகி விடுவித்தால்தான் மறுபடி ஓடும். நான் துடைத்த அழுத்தத்தில் அது உள்ளே போய்விட்டிருந்தது. வந்தாள், திருகினாள், போனாள். நாலே நொடி. "சார், துடைக்கிறது நல்லதுதான், ஆனா அதை மட்டும் மெதுவா" என்றாள். பதிவேட்டில் எழுதிக்கொண்டேன். அடுத்த வாரம் எண்ணெய். எங்கள் டெப்போவில் சத்தம் வந்தால் எண்ணெய் விடு என்பதுதான் முதல் பாடம், சத்தம் வராவிட்டால் வருவதற்கு முன் விடு என்பது இரண்டாவது பாடம். மேடை ஏறி இறங்கும் தண்டவாளத்தில் விட்டேன், கதவுக் கீலில் விட்டேன், மிச்சம் இருந்ததைக் கதவுப் பூட்டுக்குள் தாராளமாக விட்டேன். தண்டவாளத்தில் தெருப் புழுதியும் காய்ந்த இலையும் ஒரு புறாவின் இறகும் ஒட்டிக்கொண்டன. பூட்டு இருக்கிறதே, அதற்குள் ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கிறதாம், கதவு சாத்தியிருக்கிறது என்று அது சொன்னால்தான் லிஃப்ட் நகருமாம். எண்ணெயில் குளித்த அந்த ஸ்விட்ச் வாயே திறக்கவில்லை. கதவைச் சாத்திச் சாத்தி எனக்குத் தோள்பட்டை வலி வந்ததுதான் மிச்சம், லிஃப்ட் நம்பவில்லை. மெக்கானிக் அம்மா வந்து அரை நாள் உட்கார்ந்து எல்லாவற்றையும் வழித்துத் துடைத்தாள். கிளம்பும்போது என் எண்ணெய் டப்பாவை வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டு, உலர்ந்த துணி ஒன்றை என் கையில் கொடுத்து, "சார், கைப்பிடிக் கம்பியைத் தினமும் நீங்கதான் துடைக்கணும், வேற யாருக்கும் அந்தப் பக்குவம் வராது" என்றாள். தொழில் தெரிந்தவர்களுக்குத்தான் தொழில் தெரிந்தவர்களின் அருமை தெரியும்.

பிறகு வாளி விவகாரம். துணி, தூரிகை, திருப்புளி எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும் என்று ஒரு வாளியில் போட்டு மேடைக்கு அடியிலேயே வைத்திருந்தேன். மேடையின் அடிவயிற்றில் ஒரு தகடு உண்டு, கீழே பூனை படுத்திருந்தாலும் செருப்பு கிடந்தாலும் அந்தத் தகட்டில் பட்ட உடனே லிஃப்ட் அப்படியே நின்றுவிடும், நசுக்காது. மிக நல்ல ஏற்பாடு. ஆனால் பூனை வேறு, பராமரிப்பு வாளி வேறு என்று அதற்குத் தெரியவில்லை. உன் அக்கா தரைக்கு ஒரு முழம் மேலே அந்தரத்தில் நின்றுகொண்டு, "ஏங்க, இதுக்குக் கீழ என்ன வச்சிருக்கீங்க?" என்றாள். "லிஃப்டைச் சரி பண்ற சாமான்" என்றேன். "அதை எடுத்தா சரியாயிடும்" என்றாள். எடுத்தேன், சரியாகிவிட்டது. பார், சரி செய்கிற சாமான் என்று நான் சொன்னது பொய்யில்லை.

எல்லாவற்றையும்விட என் முக்கியமான பராமரிப்பு முறை ஸ்விட்ச். வேலை முடிந்த வண்டி எஞ்சினை ஓடவிட்டுக்கொண்டு நிற்கக் கூடாது என்பது டெப்போ சட்டம். ஒவ்வொரு ஏற்ற இறக்கமும் முடிந்த உடனே, செருப்பு அலமாரிக்கு மேலே சுவரில் இருக்கும் லிஃப்ட் ஸ்விட்சை அணைத்துவிடுவேன். மறுபடி வேண்டும்போது போடுவேன். இயந்திரத்துக்கும் ஓய்வு வேண்டாமா? உன் அக்கா அவ்வப்போது ஏதோ சொல்வாள், நானும் டெப்போவில் எஞ்சினை அணைக்காமல் டீ குடிக்கப் போன ஓட்டுநரின் கதையைச் சொல்வேன், அவள் பேச்சை நிறுத்திவிடுவாள். கதையில் அவ்வளவு வலு.

இனி, பெரிய சம்பவம். மூன்று மாதத்துக்கு முன்னால் அச்சகத்திலிருந்து கடிதம் வந்தது, வாசலில் சரிவுப் பாதை கட்டப்போகிறோம், முடிந்ததும் வந்து சேருங்கள் என்று. உன் அக்கா அதை மூன்று தடவை படித்தாள், மூன்றாவது தடவை பிழை தேடுவதற்காக. அந்தச் சனிக்கிழமை காலை ஓர் ஒத்திகை பார்த்துவிடுவோம் என்று கைப்பை, மூக்குக்கண்ணாடி, சாப்பாட்டு டப்பா சகிதமாக அவளை லிஃப்டில் ஏற்றினேன். பாதி வழியில், ஆறாம் படி உயரத்தில், லிஃப்ட் "பீப் பீப்" என்று முனகிவிட்டு நின்றது. மேல் கதவும் திறக்காது, கீழ்க் கதவும் திறக்காது. கையால் சுற்றி இறக்க ஒரு கைப்பிடி கொடுத்திருந்தார்கள். தொலைந்துவிடக் கூடாதே என்று அதை நான் பத்திரமான இடத்தில் வைத்திருந்தேன். எவ்வளவு பத்திரமான இடமென்றால், எனக்கே கிடைக்கவில்லை. (பிறகு பழைய டெப்போ பெட்டியில் கிடைத்தது. இப்போது லிஃப்ட் பக்கத்துக் கொக்கியிலேயே தொங்குகிறது. மெக்கானிக் அம்மா அதற்குச் சங்கிலி வேறு போட்டிருக்கிறாள், திருடர் பயம் போலிருக்கிறது.)

சத்தம் கேட்டு மாடிவீட்டுக்காரர் இறங்கி வந்தார். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் 'பரவாயில்லை', எதற்கெடுத்தாலும் அதையே சொல்வார். முந்தின நாள்தான் என் அனுமதியோடு தன் புதிய சலவை இயந்திரத்தை, அதைத் தாங்கிப் பிடிக்க இரண்டு ஆட்களையும் சேர்த்து, எங்கள் லிஃப்டில் ஏற்றியிருந்தார். கொஞ்சம் திணறியது, "பரவாயில்லை சார், ஏறிடும்" என்றார், ஏறியும்விட்டது. அவரே இப்போது சட்டைக் கையை மடித்துக்கொண்டு, "பரவாயில்லை சார், தெருவுல மூணு பேரைக் கூப்பிடறேன், தூக்கி இறக்கிடலாம்" என்றார். உன் அக்கா முகத்தைப் பார்த்தேன். அவள் சாப்பாட்டு டப்பாவை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "யாரும் தூக்க வேணாம். மெக்கானிக் வரட்டும். நான் எங்கேயும் போகப் போறதில்ல" என்றாள். அந்தக் கடைசி வார்த்தைதான் என்னைப் பயமுறுத்தியது. வேலைக்கும் போகப்போவதில்லை என்று முடிவெடுத்துவிட்டாளோ என்று நினைத்தேன். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. உள்ளே ஓடிக் குடையை எடுத்துவந்து, ஆறாம் படியில் நின்றுகொண்டு, தடுப்புக்கு மேலாகக் கையை நீட்டி அவள் தலைக்கு மேல் பிடித்தேன். ஐம்பது நிமிடம். இடது கை, பிறகு வலது கை, மறுபடி இடது கை. அவள் செய்தித்தாள் கேட்டாள், கொடுத்தேன், முதல் பக்கத்திலேயே ஏழு பிழை கண்டுபிடித்தாள். "நிழல் கொஞ்சம் இந்தப் பக்கம்" என்பதைத் தவிர என்னிடம் ஒன்றும் பேசவில்லை. நானும் பேசவில்லை. நான் பேசாமல் இருந்த ஐம்பது நிமிடம் என்று பதிவேட்டில் தனியாக எழுதி வைத்திருக்கிறேன்.

மெக்கானிக் அம்மா தன்னிடமிருந்த கைப்பிடியால் சுற்றிச் சுற்றி இறக்கினாள். பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "பேட்டரி சுத்தமா காலி சார்" என்றாள். "சலவை இயந்திரம்" என்றேன் உடனே. "அது ஒரு நாள் கதை சார். சார்ஜ் ஏறுற ஸ்விட்ச் எப்பவும் ஆன்லதானே இருக்கு?" என்று கேட்டாள். "அதைப் பத்தி நீங்க கவலையே பட வேணாம், ஸ்விட்ச் முழுக்க முழுக்க என் பொறுப்பு" என்றேன். அவள் உன் அக்காவைப் பார்த்தாள், உன் அக்கா அவளைப் பார்த்தாள். பாராட்டு என்று எடுத்துக்கொண்டு டீ போட உள்ளே போனேன். டீயோடு திரும்பியபோது இருவரும் ரொம்ப நாள் சிநேகிதிகள் மாதிரி பேசிக்கொண்டிருந்தார்கள். மெக்கானிக் அம்மா எழுந்து, "சார், நீங்க இவ்வளவு அக்கறையா பாத்துக்கறீங்க. உங்களுக்குன்னே ஒரு ஸ்பெஷல் ஸ்விட்ச் போட்டுத் தரேன்" என்று, அதே இடத்தில் சிவப்பு விளக்கு வைத்த புது ஸ்விட்ச் ஒன்றைப் பொருத்திவிட்டுப் போனாள். போட்டால் விளக்கு எரியும், அணைத்தால் அணையும். என்ன துல்லியம்! இப்படி ஒரு மரியாதை டெப்போவில்கூட எனக்குக் கிடைத்ததில்லை.

அதற்குப் பிறகு நடந்ததுதான் என் வாதத்துக்கு ஆதாரம். மூன்று மாதம். ஒரு பழுது இல்லை, ஒரு முனகல் இல்லை, ஒரு பீப் இல்லை. தினமும் ஸ்விட்சைப் போடுகிறேன், அணைக்கிறேன், கம்பியைத் துடைக்கிறேன், பதிவேடு எழுதுகிறேன். கம்பெனிக்குப் பழுது என்று ஒரு போன்கூடப் போடவில்லை. மெக்கானிக் அம்மா மட்டும் மாதம் ஒரு புதன்கிழமை, நான் நூலகத்துக்குப் போகிற நேரமாகப் பார்த்து, உன் அக்காவோடு பேசிக்கொண்டிருக்க வருகிறாள். சிநேகிதி வீட்டுக்கு வரும்போதுகூடக் கருவிப் பையை விடுவதில்லை, கையில் கரியோடுதான் டீ குடிக்கிறாள். தொழில்பக்தி என்றால் அதுவல்லவா! இப்போது சொல், ஒப்பந்தம் தேவையா? வருமுன் காப்பவன் வீட்டில் இருக்கும்போது வந்தபின் காப்பவனுக்கு என்ன வேலை? ஆகவே இனி மூன்று கேள்விக்குறி போட்டு எனக்குச் செய்தி அனுப்பாதே. சந்தேகம் இருந்தால் பதிவேட்டின் நகலை அனுப்பிவைக்கிறேன், படித்துத் திருந்து.

உன் மனைவிக்கு என் விசாரிப்பு. பிள்ளைகள் நன்றாகப் படிக்கட்டும், மாமா சொன்னால் மட்டும் கேட்காமல் அப்பா சொன்னாலும் கொஞ்சம் கேட்கட்டும். நீங்கள் எல்லோரும் நோய்நொடி இல்லாமல், ஏறின இடத்திலிருந்து பத்திரமாக இறங்கி, இறங்கின இடத்திலிருந்து பத்திரமாக ஏறி, நூறாண்டு நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
பராமரிப்புப் பொறுப்பில் உள்ள உன் அத்தான்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன் ஒரு சிறு திருத்தம். மாலை ஐந்தே முக்கால் இருக்கும், உன் அக்கா வேலைக்குப் போன கதையைப் 'பரவாயில்லை'யிடம் சொல்ல மாடிக்குப் போயிருந்தேன். வாசலில் வண்டி ஹாரன் கேட்டது. காலையில் அவளை அனுப்பிவிட்டு ஸ்விட்சை அணைத்தவன் இன்னும் போடவில்லையே என்று அடித்துப் பிடித்து இறங்கி ஓடிவந்தேன். ஸ்விட்ச் அணைந்தே இருந்தது. சிவப்பு விளக்கும் அணைந்தே இருந்தது. லிஃப்ட் உன் அக்காவைச் சுமந்துகொண்டு சாவகாசமாக மேலே வந்துகொண்டிருந்தது.

"ஸ்விட்ச் ஆஃப்ல இருக்கே!" என்றேன்.

"தெரியும்" என்றாள்.

"அப்புறம் எப்படி வந்தே?"

"லிஃப்ட்ல."

விஷயம் இதுதான். லிஃப்ட் பேட்டரியில் ஓடுகிறது. ஓடினாலும் ஓடாவிட்டாலும் அது சார்ஜில் இருந்துகொண்டே இருக்க வேண்டுமாம். "ஓய்வு ஓய்வுன்னு அஞ்சு மாசம் அதைப் பட்டினி போட்டீங்க" என்றாள். அந்தச் சனிக்கிழமை நான் டீ போடப்போன நேரத்தில் மெக்கானிக் அம்மா லிஃப்டின் மின் இணைப்பை இந்த ஸ்விட்ச் வழியாக விடாமல் நேராக உள்ளே இழுத்துவிட்டாளாம். என் ஸ்பெஷல் ஸ்விட்ச் தன் சொந்த சிவப்பு விளக்கைத் தவிர வேறு எதையும் போடுவதில்லை, அணைப்பதும் இல்லை. ஒப்பந்தம் அன்றைக்கே போட்டாகிவிட்டது, கையெழுத்து உன் அக்காவுடையது. புதன்கிழமை சிநேகிதமும் அந்த ஒப்பந்தத்தில் அடக்கம்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றேன். "ஒன்பது தடவை சொன்னேன். ஒன்பது தடவையும் அந்த டீ குடிக்கப் போன டிரைவர் கதையைச் சொன்னீங்க" என்றாள். "அப்ப ஸ்விட்சையே எடுத்திருக்கலாமே, எதுக்கு இந்த விளக்கு வேஷம்?" என்று கோபமாகவே கேட்டேன். அவள் கைப்பையிலிருந்து அன்றைய வேலைத் தாள்களை எடுத்து அடுக்கிக்கொண்டே, "அன்னிக்கு ஐம்பது நிமிஷம் குடை பிடிச்சீங்க இல்ல? அதான் விட்டேன்" என்றாள். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன், எனக்கு வெட்கமாக இருந்தது, அதைவிட அதிகமாகச் சந்தோஷமாக இருந்தது.

ஆகையால், இவ்வளவு நீளக் கடிதத்தைத் திரும்ப எழுத எனக்குத் தெம்பில்லை என்பதால், மேலே பராமரிப்பு விஷயமாக 'நான்' என்று வருகிற இடங்களில் எல்லாம் 'உன் அக்கா' என்று மாற்றிப் படித்துக்கொள். குடை வருகிற இடத்தை மட்டும் மாற்ற வேண்டாம். மற்றபடி, மூன்று மாதமாக ஒரு ஸ்விட்சை ஒரு நாள்கூடத் தவறாமல் அணைத்திருக்கிறேன் என்பது உண்மைதான், அதை யாரும் மறுக்க முடியாது. இப்போதுகூட எழுந்துபோய் ஒரு தடவை போட்டுப் பார்த்தேன். நன்றாக எரிகிறது.

(சிவப்பு மையில், வேறு கையெழுத்தில்)

தம்பி, ஒட்டித் தரச் சொன்னார், படித்துவிட்டேன். பிழை எதையும் திருத்தவில்லை, திருத்த ஆரம்பித்தால் உன் முகவரிதான் மிஞ்சும். மறுபடி வேலைக்குப் போனது நன்றாக இருந்தது, செருப்பு இரண்டும் காலிலேயே இருந்தன. ஸ்விட்சைப் பற்றி அவரைக் கேலி செய்யாதே. இந்த வீட்டில் அவர் கைபட்டும் இதுவரை பழுதாகாதது அது ஒன்றுதான்.

அக்கா